பயிற்சி அருமை, பராமரிப்பு சுமார்: அக்கம்பக்க அவசர உதவிக் குழுவில் இரண்டு வருடம்

மிக்சிக்கும் செல்போனுக்கும் பக்கம் பக்கமாக விமர்சனம் எழுதுகிறோம், சேர்ந்து இரண்டு வருடம் ஆகிவிட்ட இந்தக் குழுவைப் பற்றி ஒரு வரி கூட எழுதவில்லையே என்று தோன்றியது. அதனால் இது. சேரலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். ஏற்கெனவே இருப்பவர்கள் படித்தால் சிரித்துக்கொள்ளலாம், எங்கள் குழுக்காரர்கள் படித்தால் கோபித்துக்கொள்ளவும் செய்யலாம்.

விஷயம் இதுதான். புயலோ வெள்ளமோ நிலநடுக்கமோ வந்தால் தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்ஸும் எல்லாத் தெருவுக்கும் ஒரே நேரத்தில் போக முடியாது. அந்த முதல் சில மணி நேரத்தை, நிலைமை மோசமென்றால் முதல் இரண்டு மூன்று நாளை, தெருக்காரர்களே சமாளிப்பதற்கான ஏற்பாடு இது. குழு என்று ஒன்று இல்லாவிட்டாலும் தெருக்காரர்கள் ஓடி வரத்தான் செய்வார்கள். 1995ல் ஜப்பானின் கோபே நிலநடுக்கத்தில் இடிபாடுகளிலிருந்து உயிரோடு வெளியே வந்தவர்களில் பெரும்பாலானோரை இழுத்தெடுத்தது வீட்டாரும் பக்கத்து வீட்டாரும்தான். சிக்கல் ஓடி வருவதில் இல்லை, எதுவும் தெரியாமல் ஓடி வருவதில் இருக்கிறது. 1985 மெக்சிகோ நகர நிலநடுக்கத்தில் பயிற்சி எதுவும் இல்லாத தன்னார்வலர்கள் எண்ணூறு பேருக்கு மேல் மீட்டார்கள், அந்த வேலையில் அவர்களிலேயே நூறு பேருக்கு மேல் இறந்துபோனார்கள். முதல் வகுப்பில் பயிற்சியாளர் இந்த இரண்டு எண்களையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டு ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் நின்றார். லாஸ் ஏஞ்சல்ஸ் தீயணைப்புத் துறை அதே 1985ல் பொதுமக்களுக்கு இந்த மாதிரிப் பயிற்சியை ஆரம்பித்தது. 1989 நிலநடுக்கத்தில் சான் பிரான்சிஸ்கோவின் மரீனா பகுதியில் தண்ணீர்க் குழாய்கள் உடைந்துபோனபோது, தீயணைப்புப் படகிலிருந்து தண்ணீர் கொண்டுவந்த குழாயை இழுத்துப் போட அங்கே குடியிருந்தவர்களும் கை கொடுத்தார்கள், அடுத்த வருடமே அந்த ஊரிலும் இப்படி ஒரு திட்டம் வந்தது. இன்று பல நாடுகளில் வெவ்வேறு பெயரில் நடப்பதெல்லாம் ஏறக்குறைய இதே அச்சுதான்.

அடிப்படைப் பயிற்சி மொத்தம் இருபது மணி நேரம் இருக்கும், எங்களுக்கு வார இறுதிகளில் பிரித்துப் பிரித்து நடத்தினார்கள். என் வேலை மேசை வேலை, மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும், இதற்கெல்லாம் நான் லாயக்கா என்ற தயக்கத்தோடுதான் போனேன். உடல்பலம் பெரிய விஷயமே இல்லை என்பது இரண்டாவது நாளே தெரிந்துவிட்டது. எங்கள் குழுவிலேயே உருப்படியான ஆள் எழுபதை நெருங்கும் ஒரு அக்கா, அவர் எதையும் தூக்குவதில்லை, ஓடுவதில்லை, ஒரு நாற்காலியில் உட்கார்ந்து யார் எத்தனை மணிக்கு எந்தத் தெருவுக்குப் போனார்கள், திரும்பினார்களா என்று எழுதிக்கொண்டே இருப்பார். அவர் நோட்டில் பெயர் எழுதாமல் ஒருவரும் நகரக் கூடாது. அந்த நோட்டு இல்லாத ஒத்திகை ஒன்றில் எங்கள் ஆட்களையே நாங்கள் முக்கால் மணி நேரம் தேடியிருக்கிறோம்.

நெருப்பு வகுப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன். தீயணைப்பான் எங்கள் வீட்டுச் சுவரில் பல வருடமாகத் தொங்குகிறது, அதை ஒரு தடவை கூடக் கையில் எடுத்ததில்லை. பின்னை உருவு, நெருப்பின் அடியைக் குறி வை, கைப்பிடியை அமுக்கு, இடம் வலமாக வீசு, இவ்வளவுதான். ஆனால் எரிகிற தட்டுக்கு முன்னால் நின்றதும் கை தானாகவே உயரத்தில் ஆடுகிற ஜுவாலையைத்தான் குறி வைக்கிறது. நானும் அதைத்தான் செய்தேன், என் பொடி முழுக்க காற்றில் போயிற்று. வீட்டில் வைக்கிற சின்ன அணைப்பான் சில விநாடிகளில், அதிகபட்சம் இருபது விநாடியில், காலி. அதற்குள் அடங்கவில்லை என்றால் இனி அது உன் நெருப்பு இல்லை, வெளியே வா என்றார் பயிற்சியாளர், தீயணைப்புத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். எப்போதும் இரண்டு பேராகப் போகணும், வெளியேறும் வழி முதுகுக்குப் பின்னால் இருக்கணும், நெருப்பு உனக்கும் வாசலுக்கும் நடுவில் வந்துவிடக் கூடாது. எரிவாயு நாற்றம் வந்தால் எந்த ஸ்விட்சையும் தொடாதே, போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். குழாய் எரிவாயு வால்வை மூடிவிட்டால் திரும்பத் திறப்பது உன் வேலை இல்லை, எரிவாயு நிறுவனத்து ஆள் வந்து சோதித்துவிட்டுத்தான் திறக்கணும். இது ஒவ்வொன்றையும் வீட்டுக்கு வந்து வீட்டாரிடம் சொன்னேன், அந்த ஒரு வாரம் என் தொல்லை தாங்க முடியவில்லை என்று இப்போதும் சொல்கிறார்கள்.

எல்லாவற்றையும் விட நல்ல வகுப்பு, காயம்பட்டவர்களைத் தரம் பிரிப்பது. ஆட்கள் நிறைய, உதவ வந்தவர்கள் கொஞ்சம் என்றால் யாரை முதலில் பார்ப்பது என்று முடிவெடுக்கும் முறை. முதலில் உரக்க ஒரு குரல்: நடக்க முடிந்தவர்கள் எல்லாம் எழுந்து இந்தப் பக்கம் வாருங்கள். வந்தவர்கள் பச்சை, அவர்களைக் கடைசியில் பார்த்தால் போதும். மீதி ஆட்களிடம் ஒவ்வொருவராகப் போகணும், ஒருவருக்கு அரை நிமிடம், மிஞ்சினால் ஒரு நிமிடம். மூச்சு நிமிடத்துக்கு முப்பதுக்கு மேல் ஓடினால் சிவப்பு, அதாவது முதலில் பார்க்க வேண்டியவர். நகத்தை அழுத்தி விட்டால் இரண்டு விநாடிக்குள் ரத்தம் திரும்பி நிறம் வரவில்லையா, சிவப்பு. கையை அழுத்துங்கள், கண்ணை மூடுங்கள் என்று சொன்னால் செய்யத் தெரியவில்லையா, அதுவும் சிவப்பு. மூன்றிலும் தேறி, ஆனால் எழுந்து நடக்க முடியாதவர் மஞ்சள், சிவப்புக்கு அடுத்தது. மூச்சே இல்லை என்றால் தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து முகவாயைத் தூக்கிப் பார்க்கணும், அப்போதும் மூச்சு வரவில்லை என்றால் கருப்பு அட்டை, அடுத்த ஆள்.

அந்தக் கருப்பு அட்டைதான் கஷ்டம். படிக்கும்போது ஒன்றும் தெரியவில்லை. ஒத்திகையில் காலேஜ் பையன் ஒருவன் பிணமாகப் படுத்திருந்தான், முகவாயைத் தூக்கினேன், அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பிரமாதமாக நடித்தான், அட்டையை மாட்டிவிட்டு எழுந்திருக்கணும், எனக்கு எழுந்திருக்க வரவில்லை. நெஞ்சை அழுத்திப் பார்க்கலாமே, நிமிடத்துக்கு நூறிலிருந்து நூற்றிருபது தடவை, அதுவும்தானே சொல்லிக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். ஒரே ஒரு ஆள் விழுந்து கிடந்தால் அதைச் செய், இருபது பேர் கிடக்கும் இடத்தில் நீ இவனை அழுத்திக்கொண்டிருக்கும் நேரத்தில் அங்கே ஒருவர் ரத்தம் போய்ச் செத்துக்கொண்டிருக்கிறார் என்றார். திரும்பிப் பார்த்தால் உண்மையாகவே தொடையில் சிவப்புச் சாயத்தோடு ஒருவர் பொறுமையாக எனக்காகக் காத்திருக்கிறார். இதற்கு நடுவில் பிணத்தைக் கொசு கடித்ததால் அது மூக்கைச் சொறிந்துகொண்டது வேறு கதை.

ரத்தம் கட்டும் இறுக்குப்பட்டையையும் சொல்லிவிடணும். காயத்துக்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே, மூட்டின் மேல் படாமல், ரத்தம் நிற்கும் வரை இறுக்கணும், கட்டிய நேரத்தை எழுதி வைக்கணும், நாமாக அவிழ்க்கக் கூடாது. ஒருவருக்கொருவர் கட்டிப் பழகினோம், வலி உயிர் போகிறது. வலிக்கிறது என்று அவர் கத்தியதும் தளர்த்திவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பாம்.

கனமான பொருளுக்கு அடியில் சிக்கியவரை எடுப்பது இன்னொரு நல்ல பாடம். கடப்பாரையால் நெம்பி, குறுக்கும் நெடுக்குமாக மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டே போகணும், ஒரு அங்குலம் தூக்கினால் அந்த ஒரு அங்குலத்துக்குக் கட்டை வைத்துவிட்டுத்தான் அடுத்த அங்குலம். நான்கு சாதாரண ஆட்கள் ஒரு பெரிய கான்கிரீட் பலகையைச் சத்தமே இல்லாமல் தூக்கியதைப் பார்த்தபோது கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது. உடனே தலையில் தட்டினார்கள்: ரொம்ப நேரம் நசுங்கிக் கிடந்தவரின் மேல் இருந்து பாரத்தைச் சட்டென்று எடுத்தால், நசுங்கிய தசையில் சேர்ந்த நச்சு ரத்தத்தில் கலந்து இதயமே நின்றுபோகலாம், அந்த மாதிரி இடத்தில் மருத்துவ ஆட்கள் வரும் வரை கூட இருந்து பேசிக்கொண்டிருப்பதுதான் உதவி. அதே மாதிரி, சாய்ந்து நிற்கிற, அஸ்திவாரம் விலகிய கட்டடத்துக்குள் போகவே கூடாது, உள்ளிருந்து குரல் கேட்டாலும். இடத்தைக் குறித்து, மேலே தகவல் சொல்லி, வேறு யாரும் உள்ளே போகாமல் பார்த்துக்கொள்ளணும். ஓரளவு பத்திரமான கட்டடம் என்றால் உள்ளே போகும்போது கதவில் ஒரு சாய்கோடு, வெளியே வந்ததும் எதிர்ப்பக்கமாக இன்னொன்று. ஒற்றைக் கோடு மட்டும் இருந்தால் ஆட்கள் இன்னும் உள்ளே இருக்கிறார்கள் என்று அர்த்தம். பெருக்கல் குறியின் நான்கு பக்கமும் யார் தேடினார்கள், எப்போது, என்ன ஆபத்து, எத்தனை பேர் என்று எழுதணும்.

பயிற்சிக்கு நான் கொடுப்பது ஐந்துக்கு ஐந்து. காசு கொடுத்துப் படித்த எந்த வகுப்பும் இவ்வளவு ஒட்டவில்லை.

இனிமேல்தான் குறை. சான்றிதழும் பச்சை ஹெல்மெட்டும் மேலங்கியும் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்ட அன்றே பாதிப் பேருக்கு விஷயம் முடிந்துபோகிறது. எங்கள் அணியில் முப்பத்து நான்கு பேர், ஆறு மாதம் கழித்து நடந்த ஒத்திகைக்கு வந்தவர்கள் பன்னிரண்டு. வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலை வணக்கம் வரும், பூப்படம் வரும், தெருநாய் பற்றி ஒரு சண்டை வரும், ஆனால் டார்ச் பேட்டரியை யார் பார்க்கிறார்கள் என்று கேட்டால் மயான அமைதி. யார் தலைவர் என்பதில் இரண்டு பேருக்கு நடுவில் ஒரு பனிப்போர், அதன் விவரம் வேண்டாம். ஒழுங்கான முறைப்படி ஒருவருக்குக் கீழே மூன்றிலிருந்து ஏழு பேர் வரைதான் இருக்கணும், ஐந்து என்றால் உத்தமம், யார் யாருக்குச் சொல்லணும் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்கணும். எங்களிடம் முப்பத்து நான்கு பேரும் நேராக ஒருவருக்கே போன் செய்வார்கள், அவர் யாருடையதையும் எடுக்க மாட்டார்.

இதற்கெல்லாம் நடுவில் யாரும் விரும்பாத ஒரு வேலை இருந்தது, வீடு வீடாகப் போய்ப் பட்டியல் எடுப்பது. தனியாக இருக்கும் வயதானவர், நடக்க முடியாதவர், மின்சாரத்தில் ஓடும் மருத்துவக் கருவி வைத்திருப்பவர், கைக்குழந்தை, இரவு வேலைக்குப் போகிறவர், இதெல்லாம் எந்தக் கதவு எண்ணில் என்று எழுதுவது. ஹெல்மெட் போட்டுக்கொண்டு கட்டடத்துக்குள் நுழைய வந்தவர்களிடம் கணக்கெடுப்புக்காரர் மாதிரி மணி அடிக்கச் சொன்னால் யாருக்குப் பிடிக்கும்? எனக்கும் பிடிக்கவில்லை. பாதி வீட்டில் சந்தேகமாகப் பார்த்தார்கள், அதில் நியாயமும் இருக்கிறது, தனியாக இருக்கிறீர்களா என்று கேட்கும் அந்நியருக்கு யார் பதில் சொல்வார்கள். ஒருவழியாக எழுதி முடித்து, அந்தக் காகிதத்தைச் சாமான் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினோம்.

பிறகு புயல் வந்தது. ராத்திரி ஒன்பது மணிக்கு மின்சாரம் போயிற்று, பத்தரைக்கு இரண்டு மரம் குறுக்கே விழுந்து தெருவுக்குள் வண்டி வர வழி இல்லை, போன் சிக்னல் வருவதும் போவதுமாக. குழுவைக் கூப்பிட்டோம், பதினொரு பேர் வந்தோம். சாமான் பெட்டியின் சாவி வைத்திருந்தவர் ஊரில் இல்லை. பூட்டை உடைத்துத் திறந்தால் ஆறு டார்ச்சில் நான்குக்குள் பேட்டரி கசிந்து பச்சை பூத்துக் கிடந்தது, பேட்டரியைக் கழற்றித் தனியாக வைக்கணும் என்று பயிற்சியில் சொன்னது எல்லோருக்கும் அந்த நிமிடம்தான் நினைவுக்கு வந்தது. ஆனால் பட்டியல் இருந்தது. மூன்றாவது வரியிலேயே, ஆக்சிஜன் செறிவூட்டி, கதவு எண் இருபத்திமூன்று.

மின்சாரம் போய் ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. அந்தக் கருவி மின்சாரம் இல்லாமல் வெறும் பெட்டி, மாற்று சிலிண்டர் வைத்திருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அக்கா வாக்கி டாக்கியில் சொன்னார், தெருக்கோடியில் இருந்த இரண்டு பேர் சரி என்று ஓடினார்கள். பொத்தானை அமுக்கியதும் ஒரு விநாடி பொறுத்துத்தான் பேச ஆரம்பிக்கணும், இல்லாவிட்டால் முதல் அசை கேட்காது, இதுவும் சொல்லிக் கொடுத்ததுதான், பதற்றத்தில் பறந்துபோயிற்று. இருபத்திமூன்றில் முதல் துண்டு வெட்டுப்பட்டு அவர்கள் காதில் விழுந்தது பதிமூன்று. பதிமூன்றாம் எண் வீட்டுக் கதவை இடியாக இடித்து, தூக்கத்திலிருந்து எழுந்து வந்த மனிதரிடம் ஆக்சிஜன் எங்கே என்று கேட்க, அவர் திருடர்கள் என்று நினைத்துக் கட்டையை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். பத்து நிமிடம் இதில் போயிற்று. திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டிருந்தால் போயிருக்காது.

இருபத்திமூன்றில் நல்லவேளையாக மாற்று சிலிண்டர் இருந்தது, ஆனால் அந்தப் பெரியவரின் மனைவிக்கு அதைத் திருகித் திறக்கக் கையில் பலம் இல்லை, டார்ச்சும் இல்லை, இருட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். எங்கள் ஆள் திறந்து மாட்டிக் கொடுத்தார். அந்த அளவில் அது இரண்டு நிமிட வேலை. அந்த ராத்திரி முழுவதும் நாங்கள் செய்த வேலைகளில் கான்கிரீட் பலகையும் இல்லை, இறுக்குப்பட்டையும் இல்லை. அறுந்து கிடந்த மின்கம்பி பக்கம் யாரும் போகாமல் விடிய விடிய ஒருவர் காவல் நின்றார், கண்ணாடி குத்திய ஒரு கால், பயந்துபோன குழந்தைகள், அப்புறம் கதவு தட்டல், கதவு தட்டல், கதவு தட்டல்.

பட்டியலில் இருந்த இன்னொரு வீட்டில் ஆளே இல்லை, அந்தப் பாட்டி ஐந்து மாதத்துக்கு முன்பே மகள் வீட்டுக்குப் போய்விட்டாராம். பட்டியலில் இல்லாத ஒரு வீட்டில், அறுவை சிகிச்சை முடிந்து நான்கு நாள் ஆன ஒரு பெண் மாடியில் தனியாக இருந்தார், கூரைத் தகடு பறந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, அவர் குடிவந்தே இரண்டு மாதம்தான் ஆகிறதாம். பக்கத்து வீட்டுச் சிறுமி சொன்னதால் தெரிந்தது. போர்வையில் வைத்து நான்கு பேர் கீழே இறக்கினோம், அதற்கு மட்டும் பயிற்சி நன்றாகக் கை கொடுத்தது. ஒரு வருடம் தூசி தட்டாத பட்டியல் பாதி சரி, பாதி தப்பு. எந்தப் பாதி எது என்று அந்த நேரத்தில் தெரியாது என்பதுதான் அதில் பயங்கரம்.

ஆக, பராமரிப்புக்கு ஐந்துக்கு ஒன்றரை. அந்த ஒன்று நோட்டு வைத்திருக்கும் அக்காவுக்காக, அரை பட்டியல் என்று ஒன்று இருந்ததற்காக.

உங்கள் பகுதிக் குழுவில் சேரும் முன் பயிற்சி எப்படி என்று கேட்காதீர்கள், அது பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். கடைசி ஒத்திகை எப்போது, எத்தனை பேர் வந்தார்கள் என்று கேளுங்கள். பட்டியலைக் கடைசியாகத் திருத்தியது எந்த மாதம் என்று கேளுங்கள். பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், திறக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரத்தையும் பாருங்கள். நமக்கு அடிபட்டால் யார் பொறுப்பு, காப்பீடு உண்டா என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள், நான் கூச்சப்பட்டுக் கேட்கவில்லை, ஒரு வருடம் கழித்துத்தான் பதில் தெரிந்தது, அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. குழு தானாகவே கிளம்பலாமா, மேலே இருந்து அழைப்பு வந்தால்தான் கிளம்பணுமா என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், இடத்துக்கு இடம் இது மாறும். அப்புறம், வீட்டில் உங்கள் ஆட்கள் பத்திரமாக இருந்தால்தான் நீங்கள் தெருவில் இறங்க முடியும். முதலில் வீடு, பிறகுதான் தெரு. எங்களில் அந்தப் புயல் ராத்திரி வராத இருபத்து மூன்று பேரில் சிலர் அதனால்தான் வரவில்லை, அவர்கள் செய்தது சரி.

இன்னும் இருக்கிறேனா என்றால், இருக்கிறேன். புயலுக்குப் பிறகு பட்டியல் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சுற்றி வருகிறேன். இப்போது யாரும் சந்தேகமாகப் பார்ப்பதில்லை, சிலர் உட்கார வைத்து ஊர்க்கதை எல்லாம் பேசுகிறார்கள், அது இன்னும் ஆபத்து, ஒரு தெருவுக்கு ஒரு சாயங்காலம் போய்விடுகிறது. வாக்கி டாக்கியில் எண்களை இரண்டு, மூன்று என்று தனித்தனியாகச் சொல்வது என்று விதி போட்டிருக்கிறோம், கேட்பவர் திருப்பிச் சொல்லணும். பதிமூன்றாம் எண் வீட்டுக்காரர் அன்றைக்குக் கட்டையைக் கீழே போட்டுவிட்டு எங்களோடேயே விடியும் வரை சுற்றினார், அடுத்த பயிற்சி வகுப்பில் சேர்ந்தும் விட்டார், இன்று வரை ஒரு ஒத்திகைக்கும் தவறியதில்லை. பெட்டிச் சாவிக்கு மூன்று நகல் எடுத்தோம். ஒன்று என்னிடம், ஒன்று அக்காவிடம், மூன்றாவது யாரிடம் என்று போன மாதத்திலிருந்து குழுவில் கேட்டுக்கொண்டிருக்கிறேன், காலை வணக்கம்தான் வருகிறது.